பக் இருக்கிறது என்று சொன்னால் பதில் வருமா? ஒரு மதுரை டிடிபி கடை அனுபவம்

சிம்மக்கல் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், பிட் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாமே லிப்ரே ஆபீஸ் (ஆவணம்), ஸ்கிரைபஸ் (பக்க வடிவமைப்பு), இங்க்ஸ்கேப் (படம் வரைதல்) என்ற இலவச, திறந்த மூல மென்பொருள்களில்தான் ஓடுகிறது. அவற்றில் என்னென்ன வசதி என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒரு பக், அதாவது மென்பொருள் கோளாறு, கண்ணில் பட்டு, மென்பொருளைச் செய்தவர்களிடம் சொன்னால் என்ன நடக்கும்? இந்த மென்பொருள்களுக்கு மாறலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கடைக்காரர்கள் என்னிடம் கேட்பது அதைத்தான்.

பத்திரிகையின் முதல் எழுத்தே 'ஸ்ரீ'. கணினியில் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அதை இரண்டு விதமாக அடிக்கலாம். பழைய ஸ-வில் தொடங்குவது ஒன்று, 2005இல் யூனிகோட் 4.1இல் சேர்ந்த ஶ-வில் தொடங்குவது இன்னொன்று. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மேட்டரில் எது இருக்கும் என்று அவருக்கே தெரியாது. ஓர் இலவச எழுத்துருவில் ஒன்று அழகாகச் சேர்ந்து வந்தது, மற்றது இரண்டு எழுத்தாகப் பிரிந்து நின்றது. நான் அப்போது பயன்படுத்திய பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஆட்களிடம் முதலில் சொன்னேன். ஒரே வரியில் பதில்: கோளாறு எழுத்துருவில் இருக்கிறது, அங்கே போய்ச் சொல்லுங்கள். அதோடு புகாரை மூடிவிட்டார்கள். நம் ஊரில் கடைக்கு வந்து ஒருவர் சத்தம் போட்டால், முதலில் ஒரு டீ சொல்லி உட்கார வைப்போம். அங்கே டீ எல்லாம் கிடையாது. ஆனால் அந்த ஒரு வரி சரியான வரி. எழுத்துரு செய்தவர் மாதிரிக் கோப்பு கேட்டார், பதிப்பு எண் கேட்டார், அப்புறம் திருத்திவிட்டேன் என்றார். 'வணக்கம்' கூட இல்லை. வேலை முடிந்தது.

இந்தக் கேள்விகளைத்தான் பலர் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். 'என் வேலை நிற்கிறது, இவன் எந்தப் பதிப்பு, எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் என்று கேட்கிறான்' என்று கோபம் வரும். ஆனால் திருத்துகிறவரின் கணினியில் அந்தக் கோளாறு தெரிந்தால்தான் அவரால் திருத்த முடியும். லிப்ரே ஆபீஸில் இது ஒரு முறையாகவே இருக்கிறது. விவரம் போதாது என்றால் புகாரை 'நீட்இன்ஃபோ' (விவரம் தேவை) என்று வைப்பார்கள். ஆறு மாதம் நாம் வாய் திறக்காவிட்டால் ஒரு நினைவூட்டல் வரும், அதற்கும் பதில் இல்லையென்றால் மூடிவிடுவார்கள். உறுதியான பக் ஒரு வருடத்துக்கு மேல் அசையாமல் கிடந்தால், புதிய பதிப்பில் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லி ஒரு கடிதம் வரும். அந்தக் கடிதம் எரிச்சலூட்டும்தான். திருத்தவும் இல்லை, பரீட்சை வேறு வைக்கிறார்கள்!

பதில் சீக்கிரம் வர எனக்குக் கைகொடுத்தது, முழுப் பத்திரிகையை அனுப்பாமல் கோளாறு உள்ள ஒரு சொல்லை மட்டும் தனிக் கோப்பில் போடுவது. இன்னொரு காரணமும் உண்டு. புகாரோடு போடும் கோப்பு உலகத்துக்கே தெரியும், பத்திரிகையிலோ மாப்பிள்ளை வீட்டார் போன் நம்பர் வரை இருக்கும். பார்க்கிறவருக்குத் தமிழ் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். 'கொம்பு தப்பாக வருகிறது' என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. சரியானதையும் தப்பானதையும் பக்கத்தில் பக்கத்தில் படமாக வைத்து, சிவப்பில் வட்டம் போட்டால் போதும்.

ஆனால் புகார் மட்டுமே எதையும் நகர்த்திவிடாது. ஸ்கிரைபஸில் தமிழ் ஒழுங்காக வராது என்பது ஊரறிந்த குறை, பல வருடம் அப்படியே கிடந்தது. கடைசியில் அரபி எழுத்து வேண்டுமென்று ஓமானிலிருந்து ஒரு குழு இறங்கி நிரல் எழுதியது. எழுத்துகளைச் சேர்த்துச் சரியான வடிவில் காட்டும் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் பகுதி உள்ளே வந்தது, 2017இல் 1.5.3 சோதனைப் பதிப்பில் நம் எழுத்துக்கும் வழி பிறந்தது. அரபிக்குப் பாய்ந்த நீர் தமிழுக்கும் பொசிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஹார்ஃப்பஸோடு ஸ்கிரைபஸின் நிலையான பதிப்பு 1.6 வந்தது 2024இல்தான். லிப்ரே ஆபீஸ் 2017 பிப்ரவரியில் 5.3 பதிப்பிலேயே எல்லா ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஹார்ஃப்பஸுக்கு மாறிவிட்டது.

முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது புகார் எழுதிப் பயனே இல்லை. உத்தரவாதம் எதுவும் கிடையாது என்று உரிமத்திலேயே இருக்கிறது. அந்த நேரத்தில் எழுத்தை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றியோ எழுத்துருவை மாற்றியோ அச்சு பிளேட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். லிப்ரே ஆபீஸின் பெரிய பதிப்புகள் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும், நமக்குத் தையும் ஆவணியும் கல்யாண சீசன். அதனால் நான் ஆடியிலும் மார்கழியிலும்தான் மேம்படுத்துகிறேன். அதற்குள் நாலைந்து திருத்தப் பதிப்புகள் வந்திருக்கும், அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கடையிலும் நேரம் இருக்கும்.