கேம்பரும் இழுக்கணும், படகும் போகணும்: ஒரு பீன்யா பட்டறை

பரங்கிப்பேட்டை என் அம்மா ஊர். வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் கொடுவாவுக்குத் தூண்டில் போட வருடத்தில் மூன்று நான்கு தடவையாவது பெங்களூரிலிருந்து போய்விடுவேன். பத்தடி அலுமினியப் படகு ஒன்று ஏற்கெனவே இருந்தது. போன வருடம் பழைய கேம்பர் டிரெய்லர் (காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும், உள்ளே தங்கிப் படுக்கிற வண்டி) ஒன்றும் வாங்கினோம். கேம்பரைக் காரில் மாட்டியபின் படகை எங்கே வைப்பது? இதைச் சரியாகத் தீர்த்துக் கொடுத்த பட்டறையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் வேறொரு இடத்தில் கொடுத்தேன். கேம்பர் கூரையில் பின்பக்கமாகத் தள்ளிச் சட்டம் அடித்து, படகைக் கவிழ்த்துக் கட்டித் தந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஓசூர் ரோட்டில் 70 கிலோமீட்டர் வேகம் தொட்டதும் கேம்பர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. ஸ்டியரிங் கைக்கு அடங்கவில்லை. பின்சீட்டில் மகள். பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்து, மெல்ல மெல்ல அடங்கவிட்டு, அத்திப்பள்ளிக்கு முன்பே ஓரம் கட்டினேன். அன்றைக்கு ஊருக்குப் போகவில்லை.

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில், இரண்டாம் ஸ்டேஜில் இருக்கும் இந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நடத்துபவர் தர்மபுரிக்காரர். நான் கதையைச் சொல்லி முடிக்கும் முன்பே பக்கத்து அரிசிக் கடையிலிருந்து எடை மெஷினைத் தூக்கிவரச் சொன்னார். கேம்பரைக் கழற்றி, காரின் கொக்கியில் உட்காரும் அதன் மூக்கை மெஷின்மேல் ஒரு மரக்கட்டை வைத்து இறக்கினார். 38 கிலோ காட்டியது. படகையும் சட்டத்தையும் இறக்கிவிட்டு மறுபடி பார்த்தால் 70. கேம்பரின் எடை 700 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்காவது மூக்கில் அழுத்த வேண்டும், குறைந்தால் இப்படித்தான் ஆடும் என்றார்.

“மாட்டு வண்டியில பின்பாரம் ஏத்துனா நுகத்தடி மேல தூக்கும்ல அண்ணா, அதேதான் இது.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தாத்தா வைக்கோல் ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்று கத்திக்கொண்டே இருப்பார்.

படகு காரின் கூரைக்கு வந்தது. என் காரின் கையேட்டில் கூரைச் சுமை 75 கிலோ வரை என்று இருக்கிறது. நான் படகின் 48 கிலோவை மட்டும் கணக்குப் போட்டு நிம்மதியாக இருந்தேன். படகைத் தாங்கும் கேரியரின் எடையும் அதில் சேரும் என்று அவர்தான் சொன்னார். அதனால் கனமான இரும்பு ஆங்கிளை ஒதுக்கிவிட்டு அலுமினியக் குழாயில் 20 கிலோவுக்குள் முடித்தார்.

அடுத்து அவர் யோசித்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சும்மா நிற்கும் காரில் படகைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றிவிடலாம். கேம்பர் மாட்டியிருந்தால் பின்னால் நிற்க இடமேது? அதனால் கேரியரின் பக்கவாட்டில், உள்ளிருந்து வெளியே இழுக்கிற மாதிரி ஒரு குழாய் வைத்து, பழைய சைக்கிள் டியூபை வரிவரியாகச் சுற்றிவிட்டார். படகின் ஒரு முனையை அதன்மேல் சாய்த்துவிட்டு மறு முனையைத் தூக்கி உள்ளே திருப்பினால் போதும். ரப்பர் என்பதால் வழுக்கவும் இல்லை, கீறவும் இல்லை. நானும் மனைவியும் மட்டுமே ஐந்து நிமிடத்தில் ஏற்றிவிடுகிறோம்.

அப்புறம் காரையும் கேம்பரையும் பக்கத்து கோடவுன் சரிவுக்கு ஓட்டிப்போகச் சொன்னார். கார் மேட்டில் ஏறத் தொடங்கும்போது கேம்பர் இன்னும் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். அப்போதுதான் படகின் வாலும் கேம்பரின் நெற்றியும் நெருங்கும். சமதரையில் ஒரு முழம் இருந்த இடைவெளி அங்கே நாலு விரலாகச் சுருங்கியதைக் குனிந்து நின்று கையை வைத்தே காட்டினார். படகை அரையடி முன்னால் நகர்த்தியபிறகுதான் கிளாம்ப்பை முடுக்கினார்.

கட்டும் முறையும் அவர் சொல்லித் தந்ததுதான். குறுக்கே இரண்டு ரேச்சட் பெல்ட் (கைப்பிடியை அசைத்து இறுக்கும் பட்டை), முன்முனையிலிருந்து பம்பருக்குக் கீழே இரண்டு பக்கமும் கயிறு, பின்முனைக்கும் அதேபோல. பெல்ட்டில் ஒரு முறுக்கு விட்டால் காற்றில் ‘ங்ங்’ என்று இரையாது. கிளம்பி இருபது கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். பக்கவாட்டில் எதுவும் நீட்டக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, அனுமதித்த அளவைத் தாண்டிச் சுமை நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். கேம்பருக்குத் தனிப் பதிவு எண் இருக்கிறதா என்றும் கேட்டு ஆர்.சி.யைப் பார்த்தார்.

மொத்தம் 14,500 ரூபாய். ஐந்து நாள் என்றவர் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். நடுவில் ஒரு போன் செய்திருந்தால் இரண்டு முறை அலைந்திருக்க மாட்டேன். அது மட்டும் வருத்தம்.

கிருஷ்ணகிரி, செங்கம், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் வழியாக மூன்று தடவை போய் வந்துவிட்டோம். 60க்கு மேல் நான் போவதில்லை. கேம்பர் ஒரு இடத்திலும் ஆடவில்லை. ஆனால் பரங்கிப்பேட்டை உப்புக்காற்றில் கிளாம்ப்பின் இரும்பு போல்ட்டுகள் இரண்டில் துரு ஏறிவிட்டது. படம் எடுத்து அனுப்பினேன். “சனிக்கிழமை வாங்கண்ணா, ஸ்டெயின்லெஸ் போட்டுத் தர்றேன், காசு வேணாம்” என்றார். படகை ஏற்றிக்கொண்டே போகிறேன்.