படுகையில் மூன்று இரவு: சோலார் பாம்பு விரட்டியும் தையல்கடை வலையும்

மாசி மாதம் அணைக்கரைக்குக் கிழக்கே, கொள்ளிடம் படுகையில் மூன்று இரவு தங்கினோம். பறவை பார்க்கப் போகும் நண்பர்கள் ஐந்து பேர். நிலத்துக்காரரிடம் முன்பே கேட்டுக்கொண்டு, அவருடைய மூங்கில் கொல்லையைத் தாண்டி நாணல் அறுத்த வெளியில் இடம் பிடித்தோம். சம்பா அறுவடை முடிந்து வயலெல்லாம் தாளும் எலி வளையுமாகக் கிடக்கும் சமயம். பாம்பு நடமாட்டம் இருக்கும் என்று தெரிந்தேதான் இரண்டு சாமான் வாங்கிக்கொண்டு போனேன்.

பாம்பு விஷயத்தில் எனக்குப் பயம் அதிகம். என் சித்தப்பா களத்தில் நெல்லுக்குக் காவலாகப் படுத்திருந்தவர், விடியற்காலையில் எழுந்து வயிறு வலிக்கிறது என்றார். உடம்பில் வீக்கமில்லை, கடித்த தடமும் கண்ணில் படவில்லை. ஓமத்தண்ணீர் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் கண்ணிமையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. கட்டுவிரியன் அப்படித்தான். தரையில் தூங்குகிறவர்களை ராத்திரியில் கடிக்கும், பல பேருக்கு வலியே தெரியாது.

முதல் சாமான், மண்ணில் செருகும் சோலார் கம்பு. நாலு கம்பு 1,880 ரூபாய். அரை நிமிடத்துக்கு ஒரு முறை 'ஞொய்ங்' என்று சத்தம் போட்டு அதிரும். சுற்றிலும் முப்பதடிக்குப் பாம்பு அண்டாது என்று அட்டையில் போட்டிருந்தது. கூடாரத்தின் நாலு மூலையிலும் நட்டேன். பகலில் நல்ல வெயில், சார்ஜும் நன்றாகவே ஏறியிருந்தது.

இரண்டாம் நாள் இரவு ஒன்பதரை மணி இருக்கும். கை கழுவிவிட்டு டார்ச் அடித்துக்கொண்டு திரும்பினேன். தென்கிழக்கு மூலைக் கம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, பளபளவென்று கறுப்பாக, மெல்லிய வெள்ளை வளையங்களோடு ஒரு கட்டுவிரியன் போய்க்கொண்டிருந்தது. மூன்றடி இருக்கும். கம்பு சத்தம் போட்டது. அது நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரை அதிர்வும் தாழ்ந்த ஓசையும்தான் அதற்கு எட்டும். கீச்சென்ற ஒலி எட்டாது. அதிர்வாவது போய்ச் சேரும் என்று பார்த்தால், பொலபொலவென்ற படுகை மணலில் இரண்டடி தள்ளிக் கை வைத்த எனக்கே ஒன்றும் தெரியவில்லை. பினாயில், பூண்டு, அந்துருண்டை எல்லாம் ஏற்கனவே பார்த்தாகிவிட்டது, அவற்றையும் நம்ப வேண்டாம். பினாயிலை ஆற்றங்கரையில் ஊற்றவே கூடாது.

இரண்டாவது சாமான்தான் காப்பாற்றியது. கும்பகோணத்தில் ஒரு தையல்கடையில் சொல்லித் தைத்த கொசுவலை. அடியில் தார்ப்பாய், வலையோடு சேர்த்தே தைத்தது. ஓரத்தில் தார்ப்பாயை ஒரு முழம் மேலே தூக்கிச் சுவர் மாதிரி வைக்கச் சொன்னேன். வெறும் வலையில் கையோ காலோ ஒட்டிக்கொண்டு கிடந்தால் வலைக்கு வெளியிலிருந்தே கடி விழலாம் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஒரு ஆள் படுக்கும் வலைக்கு, துணி, ஜிப், கூலி எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய்.

அன்றைக்கு அந்தக் கட்டுவிரியன் நேராக இந்த வலைக்குத்தான் வந்தது. உள்ளே என் நண்பன் தூக்கத்தில் இருந்தான். தார்ப்பாய்ச் சுவரில் மூக்கு முட்டியதும் அதன் ஓரமாகவே ஊர்ந்து, மூலையில் திரும்பி நாணலுக்குள் போய்விட்டது. நான் அசையாமல் வெளிச்சம் மட்டும் காட்டிக்கொண்டு நின்றேன். கால் நடுக்கம் நிற்க வெகு நேரமானது.

பக்கத்து வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி காலையில் வந்து எங்கள் அடுப்படியைப் பார்த்தார். "தம்பி, ராத்திரி சோறு சிந்தினா எலி வரும். எலி வந்தா பூச்சி வரும்" என்றார். பாம்பை ராத்திரியில் பேர் சொல்லாமல் பூச்சி என்பார்கள், அவர் பகலிலும் அப்படித்தான் சொன்னார். அடுப்பை நாற்பது தப்படி தள்ளி மாற்றினோம், விறகுக் குவியலையும் அப்படியே. மூன்றாம் நாள் இரவு எதுவும் கண்ணில் படவில்லை.

சரி, வலை இருந்தாலும் கடிபட்டால் என்ன செய்வது என்பதைப் போகும் முன்பே பேசி வையுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் 108ஐக் கூப்பிடுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதனால் பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை.

கம்புக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்க மனமில்லை. அதை நம்பி யாராவது வெறும் பாயில் படுத்துவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. வலைக்கு நாலரை. அரை குறைத்தது ஜிப்புக்காக, மணல் ஏறினால் சிக்கிக்கொள்கிறது. மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ஓடுகிறது. தைக்கக் கொடுக்கும்போது பெரிய பல் ஜிப்பாகக் கேட்டு வாங்குங்கள், செருப்பையும் டார்ச்சையும் உள்ளேயே வைக்க ஒரு பையும் தைத்துத் தரச் சொல்லுங்கள்.