சமூகத் தோட்டத்துக்கு ஒரு மண் பரிசோதனை: சேவை எப்படி?

சிங்கப்பூரின் புக்கிட் தீமா அருகேயுள்ள எங்கள் சமூகத் தோட்டத்தில் கறிவேப்பிலை தொடர்ந்து வெளிறியதால், தனியார் ஆய்வுக்கூடமொன்றில் மண்ணைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். அமில காரக் குறியீடு (pH) 4.8, அதாவது அமிலம் மிகுந்த மண் என்பதோடு நிறுத்தாமல், இது கொட்டி நிரப்பிய மண்ணன்று, கருங்கல் பாறை சிதைந்து அங்கேயே உருவான களிமண் என்றும், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை சுண்ணாம்பு, மக்னீசியச் சத்துகளைக் கரைத்துச் சென்றுவிட, எஞ்சிய இரும்பே செந்நிறம் தருகிறது என்றும் அறிக்கை தெளிவாக விளக்கியது.

நிலத்தின் மேடு பள்ளத்தைத்தான் கோட்டைவிட்டார்கள். மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்தே சோதித்தார்கள். நீர் தேங்கி இரும்பு நிறமிழந்த பள்ளத்து மண்ணின் சாம்பல் நிறமோ வெறுங்கண்ணுக்கே புலப்படுகிறது. கட்டணமும் சற்று அதிகம். அடுத்த முறை இரு மாதிரிகளாகப் பிரித்துக் கொடுப்போம்.