தோணி இழுக்கும் கெப்புக்கு எந்தக் கொழுக்கி? மூன்று வருட அனுபவம்

மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து வடக்கே பனிச்சங்கேணி வரை ஒரு பைபர் தோணியைக் கெப்பில், அதாவது பிக்கப் வண்டியில், இழுத்துப் போக என்ன பெரிய கொழுக்கி வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். முதலில் போட்டது லேண்ட்மாஸ்டர் (இருசில் உழவு இயந்திரம்) பெட்டிக்கு இருப்பதுபோல ஒரு துளையும் இரும்பு ஆணியும். கெப்பின் பம்பரிலேயே வெல்டிங் பிடித்தது. மலிவு. ஆனால் துளைக்குள் ஆணி ஆடியதில், பிரேக் பிடித்த நேரமெல்லாம் ட்ரெயிலர் முதுகில் ஒரு இடி இடிக்கும். ஆறு மாதத்தில் பம்பர் தகடு வளைந்து, வெல்டிங் ஓரம் வெடித்துவிட்டது.

அப்புறம்தான் சேசிஸில் போல்ட் முடுக்கும் சட்டத்துக்கு மாறினேன். நடுவில் 2 அங்குலச் சதுரக் குழாய், அதில் செருகும் கை, கையின் முனையில் பந்து. பந்து வாங்கியதில் ஒரு பிழை விட்டேன். கடையில் கிடைத்தது 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீற்றர். பந்தின்மேல் கவிழ்ந்து பூட்டும் ட்ரெயிலர் கப்பில் அடித்திருந்ததோ 50. ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத வித்தியாசத்துக்குக் கப்பின் பூட்டு முழுதாக விழவில்லை.

"அரத்தால கொஞ்சம் ராவி விட்டாச் சரி தம்பி" என்றார் கராஜ்காரர்.

"வேணாம் அண்ணன்" என்று 50 பந்தையே தேடி வாங்கினேன்.

இவ்வளவு செய்தும் வாகரைப் பக்கம் மணிக்கு 60 கிலோமீற்றரைத் தொட்டதும் ட்ரெயிலர் மீன் வால்போல ஆட ஆரம்பித்தது. பழியைப் பந்தின் மேல் போட்டேன். உண்மையில் பிழை பாரத்தில். நெல் ஆலைத் தராசில் ஏற்றிப் பார்த்தால் தோணி, எஞ்சின், ட்ரெயிலர் எல்லாம் சேர்த்து 480 கிலோ. வீட்டில் ஆள் நிறுக்கும் தராசில் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன்மேல் கப்பை வைத்தால் 15 கிலோதான் காட்டியது. மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது பந்தின் மேல் அமர வேண்டும். எஞ்சின் பின்னால் தொங்க, ஐஸ் பெட்டியையும் நான் பின்னாலேயே வைத்திருந்தேன். தோணியின் மூக்கைத் தாங்கும் கட்டையை ஒரு அடிக்குச் சற்று மேல் முன்னால் நகர்த்தி, பெட்டியையும் முன்னுக்குக் கொண்டுவந்ததும் 50 கிலோவுக்கு வந்தது. கெப் உயரமென்பதால் ட்ரெயில‌ர் வானத்தைப் பார்த்து நின்றது. 4 அங்குலம் கீழிறங்கும் கை போட்டு அதையும் மட்டமாக்கினேன். அன்றிலிருந்து ஆட்டம் இல்லை.

பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொழுக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப் கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலி ஏந்திக்கொள்ளும்.

கொழுக்கியைவிட அதிகம் செலவு வைத்தது பெயாரிங். ஓடி வந்த சூட்டோடு ட்ரெயிலரை வாவிக்குள் இறக்கினால், பெயாரிங் இருக்கும் சில்லின் குடம் சட்டென்று குளிர்ந்து உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். கிறீஸ் பால் கலந்ததுபோல வெளுத்துப்போகும். இரண்டு சோடி போன பிறகுதான் புத்தி வந்தது. இப்போது இறங்குதுறையில் அரை மணி நேரம் காத்திருக்கிறேன், தேநீர் குடிக்கவும் ஒரு சாட்டு. விளக்கு வயரின் பிளக்கையும் கழற்றிவிட்டுத்தான் இறக்குவேன். வீட்டுக்கு வந்ததும் கிணற்றுத் தண்ணீரால் எல்லாவற்றையும் கழுவினாலும் போல்ட்டுகளில் கறள் பிடிக்கத்தான் செய்கிறது.

பந்தின் கிறீஸ் காற்சட்டையில் படாமலிருக்க ஒரு டென்னிஸ் பந்தை வெட்டி மூடியாகப் போடுகிறேன். ஒழுங்கைப் பிள்ளைகள் இதுவரை நான்கைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வெட்டிய பந்தில் என்ன கிரிக்கெட் விளையாடுகிறார்களோ தெரியவில்லை.