கோழியின் தீனிப்பையில் பூஞ்சை: துரிசா, தயிரா, சொட்டு மருந்தா?

காலையில் தீனி வைக்கும் முன் கோழியைப் பிடித்து, கழுத்துக்குக் கீழே நெஞ்சின் வலப்பக்கம் தடவிப் பாருங்கள். தின்றது முதலில் தங்கும் தீனிப்பை அங்கேதான் இருக்கிறது. நல்ல கோழிக்கு இரவோடு அது காலியாகியிருக்கும். தண்ணீர் பலூன் போலத் தளதளவென்று இருந்து, வாயில் புளித்த வாடையும் அடித்தால் கேண்டிடா பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். கெட்டியாக இருந்தால் அடைப்பு. அதற்கு வைத்தியமே வேறு.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் வீட்டில், மரங்களின் பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவைக்கு வாங்கிய துரிசு, அதாவது மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), இருக்கும். கை முதலில் அதற்குத்தான் போகும். பண்ணைகளில் 2 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் என்று கலப்பது பழைய வழக்கம். மொத்தக் கூட்டத்துக்கும் மலிவாக முடியும், ஆனால் அதன் பலன் பற்றிக் கால்நடை மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அளவு கொஞ்சம் கூடினாலும் விஷம். சுவை பிடிக்காமல் கோழி தண்ணீரையே குறைத்துவிடும். தகரப் பாத்திரத்தையும் அரிக்கும். ஆசையாய் வளர்க்கும் ஒற்றைக் கோழிக்கு இதைக் கொடுக்கவே வேண்டாம்.

தயிர், வினிகர்? ஒரு ஸ்பூன் தயிரால் கெடுதல் இல்லை. ஆனால் பறவைக்குப் பால் சர்க்கரை சரியாகச் செரிக்காது, தயிர் பூஞ்சையைக் கொல்லவும் கொல்லாது. வினிகர் ஏற்கெனவே புண்ணான உட்சுவரில் எரியும்.

என் ஓட்டு நிஸ்டாட்டின் என்ற பூஞ்சைக்கொல்லி சொட்டு மருந்துக்கு. 1950-இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண்கள் உலகுக்குத் தந்த மருந்து. குழந்தைகளின் வாயில் வரும் பூஞ்சைப் புண்ணுக்கும் இதே சொட்டுதான். இது குடலிலிருந்து ரத்தத்தில் ஏறாது, பட்ட இடத்தில்தான் வேலை செய்யும். தீனிப்பை நோய்க்கு அதுவே சௌகரியம், பக்க விளைவும் குறைவு. பொதுவாகச் சொல்லப்படும் அளவு: கிலோ எடைக்கு 1 லட்சம் யூனிட், நாளைக்கு 2 வேளை, 7 முதல் 10 நாள். டாக்டர் எடை பார்த்துச் சொல்லும் அளவே இறுதி. தீனிக்கு முன், காலி வயிற்றில் கொடுத்தால் மருந்து சுவரில் நன்றாகப் படியும். இரண்டே நாளில் தெம்பாகி மேயத் தொடங்கினாலும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

சரி, மருந்து கொடுத்தும் திரும்ப வருகிறதா? காரணம் வேறெங்கோ இருக்கிறது. ஈரக்காற்றில் பூசணம் பிடித்த தீனி, நீளமான காய்ந்த புல், நீண்ட நாள் கொடுத்த ஆன்டிபயாடிக் ஆகியவற்றை முதலில் பாருங்கள். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தப் புளித்த நீர் மூச்சுக்குழலுக்குள் போனால் கோழி அங்கேயே செத்துப்போகலாம்.