எரிமலைச் சாம்பலை முதலில் பிடிப்பது ராடாரா, செய்மதியா?

"எரிமலையே இல்லாத நாட்டில இருந்துகொண்டு ஏன் அண்ணே இந்தக் கவலை?" என்று அப்புத்தளையில் ஒரு தம்பி கேட்டான். 2014 ஒக்டோபர் 29 காலையில் இலங்கை மலையகத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியதிலிருந்து, மலை அசைந்தால் முதலில் சொல்வது யார் என்ற கேள்வி என்னை விடவில்லை. எரிமலைக்கும் அதே கேள்விதான்.

செய்மதியை எடுப்போம். ஜப்பானின் வானிலைச் செய்மதி ஹிமவாரி 10 நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்புகிறது. 11, 12 மைக்ரோன் அலைநீளங்களில் வரும் வெப்பக் கதிர்வீச்சை ஒன்றிலிருந்து ஒன்றாகக் கழித்துப் பார்த்தால், விடை நீர் மேகத்துக்கு ஒரு குறியிலும் சாம்பலுக்கு எதிர்க்குறியிலும் வரும், அதை வைத்து ஆயிரம் கிலோமீற்றர் தாண்டிப் போன சாம்பலையும் தொடரலாம். ஆனால் மேலே அடர்ந்த மேகம் நின்றால் தீர்ந்தது. இங்கே பின்னேரம் மிஸ்ட் இறங்கினால் எதிரே வருகிற லொறியின் லைட் கிட்ட வரும்வரை தெரியாதே, அப்படித்தான்.

ராடாருக்கு மேகமும் இருட்டும் பொருட்டில்லை. 2010இல் ஐஸ்லாந்தின் எய்யாஃபியாட்லயோகுட்ல் எரிமலை வெடித்தபோது சுமார் 155 கிலோமீற்றர் தள்ளியிருந்த கெஃப்லாவிக் வானிலை ராடார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை சாம்பல் தூணின் உயரத்தைச் சொன்னது.

அதன் குறை வேறு. தேயிலை ஸ்டோரில் சலிக்கிற அறைக்குள் போயிருக்கிறீர்களா? கனத்த தூள் சல்லடைக்கடியிலேயே விழும், மெல்லிய தூசி மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் மிதந்து, மிதந்து, கதவு தாண்டிப் போகும். ராடார் பார்ப்பது அந்தக் கனத்ததை. துகளின் விட்டம் பாதியானால் எதிரொலி 64இல் ஒன்றாகிவிடும், அதனால் தூரம் போகும் நுண்சாம்பல் அதன் கண்ணில் படாது. 1982 ஜூன் 24 இரவு, ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் போன பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின, விமானத்தின் வானிலை ராடாரில் ஒன்றுமே தெரியவில்லை.

காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியைப் பிடிக்கும் அகஒலிக் கருவிகளும் உண்டு. வெடித்ததைச் சொல்லும், சாம்பல் எவ்வளவு உயரம் போனது என்பதைச் சரியாகச் சொல்லாது.

என்னைக் கேட்டால் முதல் பத்து நிமிடத்துக்கு ராடார்தான், அதற்கப்புறம் செய்மதி. ஆனால் ராடாரை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். பூமி வளைவதால் கெஃப்லாவிக் கதிர் அந்த எரிமலைக்கு மேல் போகும்போது ஏறத்தாழ 3 கிலோமீற்றர் உயரத்தில் இருந்தது, அதற்குக் கீழே நடந்தது எதுவும் தெரியவில்லை. ஐஸ்லாந்துக்காரர்கள் பிறகு கிழக்கே இன்னொரு ராடாரை நிறுவினார்கள், எரிமலைக்குப் பக்கத்திலேயே இழுத்துக்கொண்டு போய் நிறுத்தக்கூடிய நடமாடும் ராடார்களையும் வாங்கினார்கள்.