எக்டிராப் பாட், ஒன்பது வருடம் கழித்து: கிளி ஏன் பாதியில் நிற்கிறது

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: “உங்க ரூம்ல இருக்கிற மாதிரி எங்களுக்கும் ஒரு பாட் வைக்கணும்டா. எக்டிராப் நல்லாருக்குமா?” பாட் என்றால் அரட்டை அறையில் தானாகப் பதில் சொல்லும் நிரல், எக்டிராப் அப்படி ஒரு பழைய பாட். கேட்ட நேரம் சரியில்லை. அன்று ராத்திரிதான் எங்கள் பாட்டின் நிரலைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஐஆர்சி அறை (ஐஆர்சி என்பது எழுத்தில் மட்டும் பேசும் பழைய இணைய அரட்டை) சின்னது. மென்பொருள்களைத் தமிழாக்கும் பத்துப் பதினைந்து பேர். பாட்டின் பெயர் கிளி. அதற்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. “!சொல் ஃபோல்டர்” என்று தட்டினால் “கோப்புறை” என்று சொல்லி, அந்தச் சொல்லை ஏன் எடுத்தோம் என்ற குறிப்பையும் சேர்த்துத் தரும். புதுச் சொல் சேர்க்க “!சேர்”, அது பொறுப்பாளர்களுக்கு மட்டும். அவ்வளவுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எக்டிராப் 1993இல் ராபி பாயின்டர் எழுதியது. இத்தனை வருடம் கழித்தும் அதில் ஒரு கட்டளை எழுதுவது போல் சுலபமான வேலை வேறில்லை. டிசிஎல் என்ற நிரல்மொழியில், எந்தச் சொல்லுக்கு எந்த வேலை என்று இணைக்கும் ஒரு ‘பைண்ட்’ வரி, கீழே அந்த வேலையைச் செய்யும் ஒரு ‘ப்ராக்’. யார் கேட்டார், எந்த முகவரியிலிருந்து, பாட்டின் பதிவேட்டில் அவர் பெயர் என்ன, எந்த அறை, என்ன தட்டினார் என்று ஐந்து விவரம் கைக்கு வந்துவிடும். நிரலைத் திருத்தினால் ‘ரீஹாஷ்’ என்று ஒரு சொல் போதும், கிளி அறையை விட்டு வெளியே போகாமலே புதுக் கட்டளையைக் கற்றுக்கொள்ளும். முதன்முதலில் அதைப் பார்த்த ராத்திரி தேவையே இல்லாமல் ஏழெட்டுக் கட்டளை எழுதினேன். டீ கொடுக்கும் கட்டளைகூட இருந்தது.

டிசிஎல்லுக்கென்று சில கிறுக்குத்தனம் உண்டு. யாராவது நெளிவு அடைப்புக்குறி போட்டுச் சிரித்தால், அந்த வரியைப் பட்டியல் என்று நம்பிப் பிரிக்கப்போய்க் கட்டளை விழுந்துவிடும். முதலில் ‘ஸ்ப்ளிட்’ போட்டு வரியை நாமே பட்டியலாக்கிக்கொண்டால் தீர்ந்தது. அதற்கெல்லாம் நான் கோபப்படுவதில்லை.

கோபம் பைட்டில்தான், அதாவது கணினி எழுத்தை அளக்கும் அலகில். ஐஆர்சியில் ஒரு செய்தி 512 பைட்டைத் தாண்டக்கூடாது. 1993 மே மாத விதி, வரிமுடிவின் இரண்டு பைட்டும் அதற்குள் அடக்கம். ஆங்கிலத்துக்கு அது ஒரு பத்தி. நமக்கு? “கோப்புறை” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பவருக்கு 4 எழுத்து. யூனிகோடில் அது 8 குறியீடு, ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 24. ஓகாரத்தை ஏகாரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக அனுப்பும் விசைப்பலகையில் அடித்தால் 27. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கிளிக்கு மட்டும் வேறு வேறு சொல், “அப்படி ஒரு சொல் இல்லை” என்று சாதிக்கும். இரண்டையும் ஒன்றாக்கும் ஒரு வரித் திருத்தத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

நீளமான குறிப்பென்றால் சர்வர் பைட்டை எண்ணி வெட்டும். எழுத்து முடிந்ததா, புள்ளி விழுந்ததா என்றெல்லாம் பார்க்காது. “கோப்பு” என்று முடிய வேண்டிய வரி “கோப” என்று முடிந்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டம். நானே குறியீட்டை எண்ணி வெட்டிப் பார்த்தேன். அடுத்த வரி வெறும் புள்ளியோடு ஆரம்பித்தது, அதைத் தாங்க ஒரு புள்ளி வட்டத்தோடு. கடைசியில் சொல் இடைவெளியில் மட்டும் வெட்டுவது என்று வைத்து, ஒரு வரிக்கு 440 பைட் என்று வரம்பு கட்டினேன். வருடக்கணக்கில் ஓடியது.

போன வாரம் கிளியை வாடகை சர்வரிலிருந்து வீட்டு இணைப்புக்கு மாற்றினேன். அன்றே திரும்பவும் “கோப”. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ராத்திரி ஒரு மணிக்குத்தான் உறைத்தது: நாம் அனுப்பும் வரிக்கு முன்னால் பாட்டின் பெயரையும், எந்த இணைப்பிலிருந்து வருகிறது என்று காட்டும் ஹோஸ்ட் முகவரியையும் சர்வர் ஒட்டித்தான் மற்றவர்களுக்குக் கொடுக்கிறது. அந்த ஒட்டும் 512க்குள்தான். வீட்டு இணைப்பின் முகவரி ரயில் மாதிரி நீளம். வரம்பை 390 ஆக்கினேன், சரியாயிற்று. அதாவது 130 குறியீடு. ஒரு குறிப்புக்கு இப்போது மூன்று வரி. மூன்று வரியைச் சடசடவென்று கொட்டினால், கத்துகிறான் என்று சர்வர் வெளியே தள்ளிவிடும், அதனால் மெதுவான வரிசையில் விட வேண்டும். இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில் யாராவது “சாப்டாச்சா?” என்பார்கள்.

இதில் எக்டிராப்பின் குற்றம் என்ன? ஒன்றுமில்லை, தெரியும். எந்த பாட்டை வைத்தாலும் இதே 512தான். பிற்பாடு வந்த ஐஆர்சிவி3 விரிவாக்கத்தில் செய்தியோடு போகும் குறிச்சொற்களுக்கு 8191 பைட் வரை இடம் கொடுத்தார்கள். செய்திக்கு? அதே பழைய 512. இதைப் படித்த அன்று மடிக்கணினியை மூடிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

நண்பனுக்கு “வேண்டாம்டா, வேற ஏதாவது பாரு” என்றுதான் பதில் போட்டேன். “அப்போ நீ ஏன் வச்சிருக்கே?” என்று கேட்டிருக்கிறான். இன்னும் பதில் சொல்லவில்லை, கிளிக்கு “!எண்ணு” என்று ஒரு கட்டளை எழுதிக்கொண்டிருக்கிறேன். தட்டுகிற சொல் எத்தனை பைட் என்று சொல்லும். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். போன மாதம் கேட்டிருந்தால் நாலரை.